மகத்தை நிறுத்தினவள்

மாமல்லபுரத்தில் பஸ் வந்து நிற்கிற புளியமரத்துக்கு எதிரே காசிநாதன் சாப்பாட்டுக் கடை போட்டது, சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆன பிறகு. அதற்கு முன் அவன் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பிகளோடு நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தான். மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, அவன் மனைவி சின்னப்பொண்ணுதான் முதலில் வாயைத் திறந்தாள். "கல்லுக் கோயிலைப் பாக்க எங்கெங்கிருந்தோ ஜனம் வந்துகினே கீது. அதுங்களுக்குப் பசிக்காதா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் பிறந்ததுதான் கடை.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பனையோலைக் கூரை, நாலு பலகை பெஞ்சு, பின்னால் விறகுக் கொட்டகை, அதற்கும் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு. சின்னப்பொண்ணு அடுப்பில் நிற்பாள். காசிநாதன் பஸ்ஸண்டை போய் நின்று ஆட்களைக் கூப்பிடுவான். மாவரைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் அம்சா என்று பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வருவாள்.

பங்குனி, சித்திரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாத்தியாரோடு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து குடும்பங்கள் வரும். கால்வாய்ப் படகில் வடக்கேயிருந்து யாத்திரைக்காரர்கள் வருவார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நாய்கூட வராது. ஆக, அந்த ஊரில் கடை வைத்த அத்தனை பேருக்கும் வருஷம் ஓடுவது மாசி மகத்தை நம்பித்தான். அன்றைக்குப் பெருமாள் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அதற்கு நாலு நாள் முன்பிருந்தே இருளர் குடும்பங்கள் காட்டு வழியாக நடந்து வந்து கடற்கரை மணலில் புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டுவிடுவார்கள். கரை முழுக்க ஜனம். மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற தண்ணீரை அப்படியே அள்ளிக் குடிக்கும்.

கடை நன்றாகக் காலூன்றியிருந்த ஒரு மாசி மாதம், மகத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத ஒரு நண்பகலில், ஒரு தெலுங்குத் தம்பதி கடைக்குள் வந்தார்கள். புருஷன் நெசவுக்காரன். மனைவி பெயர் சந்திரம்மா. கால்வாய்ப் படகில் மகத்துக்காக வந்தவர்கள். அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தானே தவிரச் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் கேட்டான். கொடுத்தார்கள். மறுபடியும் கேட்டான். பிறகு எழுந்து தடுமாறிக் கொல்லைப் பக்கம் ஓடினான்.

அவன் திரும்பி வராததைப் பார்த்துச் சின்னப்பொண்ணு பின்னால் போனாள். அவன் கிணற்றடியில் குப்புறக் கிடந்தான். அவனைச் சுற்றித் தரையில் அரிசி கழுவின தண்ணீர் போல வெளுப்பாக ஓடியிருந்தது. அவள் பாவாடை கட்டின வயசில் அவள் பிறந்த ஊரில் இதே வெளுப்பைப் பார்த்திருக்கிறாள். தேர்த் திருவிழா நின்றுபோகும் என்று பயந்து ஊர்க்காரர்கள் வெளியே சொல்லாமல் அமுக்கிவிட்டார்கள். தேர் ஓடியது. அதற்குள் அவள் அம்மாவும் இரண்டு தம்பிகளும் போய்விட்டார்கள்.

செங்கல்பட்டு போகிற பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் உலகநாதன் அவள் பிறந்த ஊர்க்காரன். அவள் ஓடிப்போய்ப் பஸ்ஸின் படியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு ஆளு முடியாம கெடக்கறாரு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியாண்ட எறக்கி வுட்டுடுண்ணே."

உலகநாதன் இறங்கி வந்து கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் திரும்பி நடந்தான்.

"வாந்திபேதி தங்கச்சி அது. ஏத்தினா வண்டியில கீற அத்தினி பேரும் எறங்கிடுவான். மொதலாளி என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாரு. நான் பிள்ளகுட்டிக்காரன்."

விசில் ஊதினான். பஸ் போய்விட்டது.

சின்னப்பொண்ணும் சந்திரம்மாவும் அவனைத் தூக்கி விறகுக் கொட்டகையில் படுக்க வைத்தார்கள். சின்னப்பொண்ணு கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கரண்டி கரண்டியாக வாயில் விட்டாள். உள்ளே போனதைவிட வெளியே வந்ததுதான் அதிகம். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, அந்த ஆள் கண்ணெதிரிலேயே கிழவனாகிக்கொண்டிருந்தான்.

பிற்பகலில் பட்டாபிராமன் வந்தார். தெருமுனைக் காப்பி கிளப் அவருடையது. ஊர்க் கடைக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் தலை. கெட்ட மனுஷர் இல்லை. யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் ஜனம் தவித்தபோது கிளப் வாசலில் கஞ்சி ஊற்றியவர். கூட இரண்டு கடைக்காரர்களை அழைத்து வந்திருந்தார்.

"காசி, யாரோ உடம்பு முடியாமக் கெடக்கானாமே?"

"வெயில்ல வந்த மயக்கம் சாமி" என்றான் காசிநாதன்.

"மயக்கமாவே இருக்கட்டும். ஆனா இங்கே இருக்க வேண்டாம். ஹெல்த் ஆபீசர் காதுல விழுந்தா திருக்கழுக்குன்றத்துலேயே பஸ்ஸை மறிச்சுடுவா. மகம் அவ்வளவுதான். ஊர்ல ஒவ்வொருத்தனும் பெண்டாட்டி கழுத்துல கெடந்ததை வெச்சு சரக்குப் போட்டிருக்கான். உனக்குத் தெரியாதா? வந்தவா வந்த வழியே போகட்டும். வண்டி கட்டிப் படகுத்துறையில விட்டுடு."

அடுப்படியிலிருந்து சின்னப்பொண்ணு வெளியே வந்தாள். "சாமி, ஆளை அனுப்பிட்டா நோவும் கூடவே போயிடுமா? அவரு வுழுந்து கெடந்தது எங்க கெணத்தாண்ட. நான் கண்ணால பாத்தேன். நாளைக்கு இந்தத் தண்ணிய தான எல்லாரும் குடிக்கப் போறாங்க?"

"நீ உள்ளே போம்மா. பேசிண்டிருக்கோமோல்லியோ."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் வண்டி வந்தது. காசிநாதனே நெசவுக்காரனைத் தோளில் சுமந்து போய் வைக்கோல் மேல் கிடத்தினான். ஆஸ்பத்திரிக்கு என்று சந்திரம்மாவிடம் சொன்னான். அதை நம்பி அவள் சின்னப்பொண்ணைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு வண்டியில் ஏறினாள். சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் காசிநாதன் படகுத்துறையிலிருந்து திரும்பி வந்தான்.

"படகு கெடைச்சுதா?"

"கெடைக்கும்" என்றான்.

அவன் இரண்டு முறை கை கழுவினான். சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் அவள் கிணற்று வாளியையும் கயிற்றையும் கழற்றிக் கூரையில் சொருகினாள். கிணற்றின் மேல் இரண்டு பலகைகளைப் போட்டுக் கல்லை ஏற்றினாள். கடைப் பலகையை எடுத்து வைக்கவில்லை. காசிநாதன் எழுந்து வந்து பார்த்தான்.

"இன்னாமே, அடுப்பு பத்த வெக்கல?"

"நான் செங்கல்பட்டு போறேன். ஹெல்த் ஆபீசாண்ட சொல்லப் போறேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா? ஊரே நம்மள அடிச்சித் தொரத்தும். தெரியுமா?"

"தெரியும். அந்த மணல்ல வந்து குந்திகினு கீற ஜனத்தப் பாத்தியா? கைக்கொழந்தையோட வந்து கீறாங்க. அதுங்க வாயில தண்ணி போறதுக்கு முன்னாடி யாராச்சும் சொல்லணும் இல்ல?"

"போனீனா, திரும்பி இந்தப் பக்கம் வராத."

அவள் போனாள். புளியமரத்தடியில் முதல் பஸ் நின்றிருந்தது. ஊரில் அந்த வாரத்தில் கடையை மூடிவிட்டு ஒருத்தி தனியாகச் செங்கல்பட்டு கிளம்புகிறாள் என்றால் எதற்கென்று உலகநாதனுக்குப் புரியாமல் இருக்காது. அவளைத் தடுக்கவில்லை. வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

சுகாதார ஆபீசில் அவளை வெகு நேரம் வாசலில் நிற்க வைத்தார்கள். கடைசியில் ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார். "யாரும்மா உன்னை அனுப்பினது? எந்தக் கடைக்காரன் மேல உனக்கு விரோதம்?"

"யாரு மேலயும் இல்லீங்க. நடந்தது எங்க கடையில. மூடணும்னா எங்க கெணத்த தான் மொதல்ல மூடணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அரை மணியில் ஜீப் கிளம்பியது.

ஜீப் முதலில் போனது படகுத்துறைக்கு. நெசவுக்காரன் ஒரு பனைமரத்தடியில் இறந்து கிடந்தான். எந்தப் படகுக்காரனும் அவனை ஏற்றவில்லை. சந்திரம்மா அவன் வேட்டியைக் கால்வாயில் அலசிக் காயப் போட்டுவிட்டு, பிணத்தின் மேல் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த படித்துறையில் பெண்கள் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே ஊரில் தமுக்கு அடித்தார்கள். வெளியூர் ஜனம் யாரும் மகத்துக்கு வரக்கூடாது என்று உத்தரவு. பஸ்கள் திருக்கழுக்குன்றத்தோடு நின்றன. கிணறுகளில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். ஊசி போட ஆட்கள் வந்தார்கள். கடற்கரையில் கூடாரம் போட்டிருந்தவர்களைப் போலீஸ்காரர்கள் கிளப்பினார்கள். இருளர்கள் புடவைகளைப் பிரித்து மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே வரிசையாக நடந்தார்கள். பெருமாள் கடலுக்குப் போனபோது அவரோடு நாலு பட்டாச்சாரியார்கள்தான் போனார்கள்.

பொரி மூட்டைகளும் பேரீச்சம்பழப் பெட்டிகளும் கண்ணாடி வளையல்களும் கடைகளில் அப்படியே கிடந்தன. ராட்டினம் கட்ட வந்தவன் பிரித்துக்கொண்டு போனான். சின்னப்பொண்ணுக்கு அந்த ஊர் ஒரு பெயர் வைத்தது. மகத்தை நிறுத்தினவள்.

அந்தப் பெயரைக் கேட்கக்கூட அவளுக்கு நேரமில்லை. தமுக்கு அடித்த மறுநாள் காலையில் காசிநாதன் கொல்லைப் பக்கம் போனவன் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஊசி போட வந்த ஜீப்பிலேயே அவனை ஏற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொற்று நோய் வார்டில், நடுவில் ஓட்டை போட்ட கட்டிலில் அவனைப் போட்டு, கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டில்களில் மீனவக் குப்பத்துக்காரர்கள் கிடந்தார்கள். படகுத்துறையில் தண்ணீர் மொண்டவர்கள்.

காசிநாதனுக்குக் குரல் போய்விட்டது. உதடு அசைவதைப் பார்த்துச் சின்னப்பொண்ணு குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அந்த ஆளு வழியெல்லாம் தண்ணி கேட்டான்மே. நான் குடுக்கல. குடிச்சா மறுபடியும் வாந்தி எடுப்பான், படகுக்காரன் கண்டுக்குவான்னு..."

"பேசாத. தெம்பு போயிடும்."

"கேட்டுகினே வந்தான்."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டான். வாந்திபேதிப் பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆஸ்பத்திரித் தோட்டிகள்தான் எடுத்துப் போனார்கள். அண்ணன் தம்பிகளில் ஒருவன் வந்தான், வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போனான்.

சந்திரம்மாவையும் நோய் காண்கிறதா என்று பார்க்க அந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். அவளுக்கு நோய் ஒட்டவில்லை. அவளை அனுப்புகிற அன்று சின்னப்பொண்ணு ஒரு புடவையும் வழிக்குச் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். சந்திரம்மா பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசினாள்.

"ஆஸ்பத்திரின்னு சொல்லிக் கூட்டிப் போனாரு உன் புருஷன். நீயும் வாசல்ல நின்னு பாத்தே. சொல்லலை."

"சொல்லல" என்றாள் சின்னப்பொண்ணு.

"இப்போ அவரும் இல்லே. எனக்கு அதுல சந்தோஷம் இல்லே அம்மா. ஆனா உன் கையால வாங்க முடியாது."

புடவையைத் தொடாமல் அவள் ரயிலடியைப் பார்த்து நடந்தாள். சின்னப்பொண்ணு சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ரோட்டில் நின்றாள்.

மைத்துனன்மார்கள் கிராமத்துக்கு வந்துவிடச் சொன்னார்கள். போயிருக்கலாம். ஆனால் அங்கே இருக்கிற நிலத்துக்கே ஆள் அதிகம். மூலையில் உட்கார வைத்து ஒரு வேளைச் சோறு போடுவார்கள். அவள் மாமல்லபுரத்துக்கே திரும்பினாள்.

திரும்பி வந்தபோது பஸ் நிற்கிற இடம் மாறியிருந்தது. கடைக்காரர்கள் பஸ் முதலாளியிடம் பேசிக் காப்பி கிளப் வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். அம்சா வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, "அக்கா, எங்க வூட்டுல வுட மாட்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தப்பித் தவறிக் கடைப் பக்கம் திரும்புகிற வெளியூர்க்காரனை யாராவது ஒருவர் கூப்பிட்டுக் காதில் சொல்லிவிடுவார்கள், 'அங்கே சாப்பிட்டுத்தான் ஆள் செத்தான்' என்று. குப்பத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அந்த மகம் நடந்திருந்தால் எத்தனை ஊர்களுக்கு நோய் போயிருக்கும் என்று யாரும் பேசவில்லை. செத்தவர்களுக்கு அழ ஆள் இருந்தது. சாகாமல் பிழைத்தவர்களை யார் கணக்கெடுப்பார்கள்? அவர்களுக்கே தெரியாதே.

காதில் கிடந்ததை விற்றுக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பினாள். மரத்தில் மூடி போட்டாள். ஒரு பெரிய அண்டா வாங்கினாள். கடைக்கு ஆள் வராவிட்டால் ஆள் இருக்கும் இடத்துக்குப் போவது என்று, தினமும் விடிகாலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பானைகளில் ஊற்றி, தள்ளுவண்டியில் வைத்துத் தெற்கே ரதங்கள் இருக்கும் மணல்வெளிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஒரு கீற்றுப் பந்தலில் கஞ்சியும் சுண்டலும் சுக்குக் காப்பியும் விற்றாள். மீந்ததை அன்றைக்கே புதைத்துவிடுவாள். சர்பத் விற்கிறவன் அவளைச் 'சுடுதண்ணிக்காரி' என்று கேலி செய்தான். வயிறு கழுவுகிற அளவுக்குத்தான் வந்தது. சில நாள் அதுவும் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் கவனமாக இருந்தாள். ஐப்பசி பிறப்பதற்குள் கடைப் பரண் முழுக்கக் காய்ந்த விறகையும், பெரிய குதிரில் அரிசியையும் நிரப்பி வைத்துவிடுவாள். இனி எந்தக் கெட்ட காலமும் தன்னை வெறுங்கையோடு பிடிக்கக்கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

அடுத்தடுத்து இரண்டு மகங்கள் போயின. அதற்குப் பின் வந்த கார்த்திகையில், செங்கல்பட்டிலிருந்து ஆசிரியப் பயிற்சி மாணவிகள் ஒரு பஸ்ஸில் சிற்பம் பார்க்க வந்தார்கள். கூட்டி வந்தவர் ரெபேக்காள் டீச்சர். வாடகை பஸ்ஸுக்குக் கண்டக்டராக உலகநாதன் வந்திருந்தான். காலையில் தூறல்தான். மத்தியானம் கடல் நிறம் மாறியது. நாலு மணிக்குள் காற்று புளியமரத்தை வேரோடு சாய்த்தது. கால்வாய் கரை புரண்டு, மேற்கே ரோடு அறுந்துபோனது. மாணவிகளைப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். குப்பத்து ஜனமும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து சேர்ந்தது. ஊரில் நல்ல கூரை அது ஒன்றுதான்.

மறுநாள் காற்று நின்றது. மழை நிற்கவில்லை. ஊரில் ஒன்றைத் தவிர மற்றக் கிணறுகள் எல்லாவற்றிலும் கால்வாய்த் தண்ணீர் ஏறிவிட்டது. செத்த மாடுகள் தெருவில் மிதந்தன. காப்பி கிளப்பின் சமையற்கட்டுச் சுவர் சரிந்து அடுப்பு மூடிப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் அத்தனை ஜனமும் பட்டினி. குழந்தைகள் தண்ணீருக்கு அழுதன.

சின்னப்பொண்ணின் கடைக் கூரை பறந்திருந்தது. சுவரும் பரணும் அரிசிக் குதிரும் தப்பின. பரண் மேல் அவள் கோணியும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்த விறகு நனையவில்லை. முழங்கால் தண்ணீரில் அண்டாவை மிதக்கவிட்டு, அதற்குள் விறகையும் அரிசியையும் வைத்துத் தள்ளிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் வாசலில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். வரவேற்றா, வெறுத்தா என்று அவள் பார்க்கவில்லை. வராந்தாவில் கல்லைக் கூட்டி அடுப்புப் போட்டாள். கைப்பிடிச் சுவர் கட்டின அவள் கிணற்றில்தான் வெள்ளம் ஏறியிருக்கவில்லை. அங்கிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்த தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் கொடுப்பேன் என்றாள்.

ரெபேக்காள் டீச்சர் கெஞ்சினார். "பிள்ளைங்க நேத்துலேர்ந்து வாய் நனைக்கலை அம்மா. ஆளுக்கு ஒரு வாய் பச்சைத் தண்ணி குடுத்துடுங்களேன்."

"அழட்டும் டீச்சர். கொதிக்கட்டும், ஆறட்டும். அதுக்கு முன்னாடி சொட்டு குடுக்க மாட்டேன்."

ஒரு மீனவன் கூரை விளிம்பிலிருந்து வடிந்து தரையில் தேங்கியதை மொண்டு வாயண்டை கொண்டுபோனான். அவள் கரண்டியால் அவன் கையில் ஓங்கி அடித்தாள். குவளை உருண்டது. அவன் அடிக்க எழுந்தான். யாரோ பின்னாலிருந்து அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அது உலகநாதன்.

இரண்டாம் நாள் விறகு தீர்ந்தது. அவள் உலகநாதனைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கடை பெஞ்சுகளை உடைத்து எடுத்து வந்தாள். பிறகு கதவு. பிறகு தள்ளுவண்டி. அன்று சாயங்காலம் பட்டாபிராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு மேஜையைக் கவிழ்த்துச் சுமந்தபடி தண்ணீரில் நடந்து வந்தார். அந்த மகத்துக்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசியவர் இல்லை.

"எங்கே எறக்கட்டும்?" என்று கேட்டார்.

அவள் இடத்தைக் காட்டினாள்.

"கிளப் மேஜை எல்லாம் தேக்கு. நின்னு எரியும்" என்றார்.

அவ்வளவுதான் அவர்கள் பேசினது. அவர் திரும்பிப் போய் அடுத்ததைக் கொண்டுவந்தார்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் மாணவிகளில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். அந்தச் சத்தத்துக்கு அறையின் நடுவிடம் காலியாயிற்று. சுவரோரமாக எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள். "வெளிய திண்ணையாண்ட கொண்டுபோய் வெச்சிடலாம்" என்றது ஒரு குரல். சின்னப்பொண்ணு கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் இவளத் தொட வாணாம். நான் கீறேன்" என்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "கேக்க கேக்க தண்ணி குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டாள். புருஷன் செத்தபோதுகூட ஊர் முன்னால் அழாதவள் அப்போது அழுதாள்.

பேதி இல்லை. வெறும் வயிற்றில் பயமும் குளிரும் செய்த வேலை. காலையில் அந்தப் பெண் எழுந்து கஞ்சி குடித்தாள். ரோடு சரியாகிப் பஸ் புறப்படுகிற வரை அந்தக் கட்டடத்தில் நோயில் ஒருவரும் விழவில்லை. வெளியே சுவர் இடிந்து செத்தவர்கள் உண்டு. கடலோடு போனவர்கள் உண்டு. அவர்களுக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பஸ் கிளம்பும்போது உலகநாதன் அவள் எதிரே வந்து நின்றான். "அன்னிக்கு அந்த ஆளை நான் ஏத்தி இருக்கணும் தங்கச்சி" என்றான்.

"ஏத்தியிருக்கணும்ணே" என்றாள் அவள். இல்லை, பரவாயில்லை என்றெல்லாம் சொல்ல அவளுக்கு வரவில்லை. அவன் தலையாட்டிவிட்டு ஏறினான்.

அவளுக்குக் கடை என்று மிஞ்சியது நாலு சுவரும் ஒரு கரியேறிய அண்டாவும்தான். பெஞ்சு இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடிவிடவில்லை. பஸ் காப்பி கிளப் வாசலில்தான் நின்றது. ஆனால் அம்சா மறுபடியும் வேலைக்கு வந்தாள். கீற்று முடைந்து கொடுக்கக் குப்பத்து ஆண்கள் இரண்டு பேர் வந்தார்கள். கரண்டியடி வாங்கினவனும் அதில் ஒருவன்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாசியிலும், மகத்துக்கு முன்னதாகவே, அவள் செங்கல்பட்டுக்குப் போய் ஊசி போடுகிறவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள். காப்பி கிளப் வாசலில் பட்டாபிராமன் அவர்களுக்கு ஒரு பெஞ்சு எடுத்துப் போடுவார். முதல் ஊசிக்குச் சின்னப்பொண்ணு கையை நீட்டுவாள். கடைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நிற்பார்கள். எல்லோரும் நிற்க மாட்டார்கள். ஒரு வருஷம், அந்தப் பழைய மகத்தில் சரக்கையெல்லாம் இழந்து, பிறகு தலையெடுக்கவே முடியாமல் போன வளையல் கடைக்காரனின் மனைவி, வரிசையில் நின்ற தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற போக்கில் அந்தப் பழைய பெயரை எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்.

சின்னப்பொண்ணு ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே அவர்கள் போவதைப் பார்த்தாள். பிறகு வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த ஆளு வாங்க" என்றாள்.